யு.எஃப்.ஓ.: சொல்லும் பொருளும்

யு.எஃப்.ஓ. என்றதும் பலருக்கு மனக்கண்ணில் வருவது வேற்றுக்கோளிலிருந்து வந்த ஊர்தி. ஆனால் சொல்லை விரித்துப் பார்த்தால் அதில் வேற்றுக்கோளும் இல்லை, ஊர்தியும் இல்லை. ‘அன்ஐடென்டிஃபைடு ஃப்ளையிங் ஆப்ஜெக்ட்’, அதாவது அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள், அவ்வளவுதான். பார்த்தவருக்கு அது என்னவென்று தெரியவில்லை என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. வானத்தில் இருந்தது எது என்பதைப் பற்றி அதில் ஒரு தகவலும் கிடையாது.

பெயர் வந்த வழியில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. 1947 ஜூன் 24 அன்று கென்னத் அர்னால்டு என்ற விமானி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைப் பக்கம் பறந்துகொண்டிருந்தபோது ஒன்பது பொருள்கள் வேகமாகப் போவதைக் கண்டார். சாசரைத் தண்ணீர்மேல் வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்று பின்னர் விளக்கினார். அவர் சொன்னது போன விதத்தை. செய்தித்தாள்கள் அதையே வடிவமாக்கி ‘ஃப்ளையிங் சாசர்’ என்று எழுதிவிட்டன. அதன்பிறகு பலர் கண்ணுக்கும் தட்டுகளே தெரியத் தொடங்கின. நம் ‘பறக்கும் தட்டு’ இந்தச் சாசரின் மொழிபெயர்ப்பு. கோப்பைக்கு அடியில் வைக்கும் சின்னச் சாசர் தமிழில் தட்டாக வளர்ந்துவிட்டது, அது வேறு விஷயம்.

வடிவத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிடும் இந்தப் பெயர், விசாரணை செய்பவர்களுக்குத் தொந்தரவாக இருந்தது. இத்தகைய தகவல்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் ‘ப்ளூ புக்’ திட்டத்துக்குத் தலைமை தாங்கிய எட்வர்ட் ரப்பெல்ட், அதற்குப் பதிலாக யு.எஃப்.ஓ. என்ற சொல்லை 1950களின் தொடக்கத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1969இல் அந்தத் திட்டத்தை மூடியபோது கணக்கில் இருந்தவை 12,618 தகவல்கள். விடை காணாமல் நின்றவை 701. விடை கிடைத்தவை பெரும்பாலும் விமானம், பலூன், எரிகல், செயற்கைக்கோள், பிரகாசமான விண்மீன், கோள் என்று சாதாரணமானவைதான். இப்படி விடை கிடைத்தவற்றை ஆய்வாளர்கள் ஐ.எஃப்.ஓ. என்பார்கள், அடையாளம் காணப்பட்டவை என்ற பொருளில்.

வானியல் விடைகளில் அடிக்கடி வருவது வெள்ளிக் கோள். சூரியனையும் நிலவையும் விட்டால் வானத்தில் வழக்கமாகத் தெரிபவற்றில் அதிகப் பிரகாசம் அதற்குத்தான். சூரியனிலிருந்து சுமார் 47 பாகைக்கு (டிகிரிக்கு) மேல் அது விலகாது என்பதால், அந்தி மங்கும்போது மேற்கிலும் விடியலுக்கு முன் கிழக்கிலும் தாழ்வாக நிற்கும். தொடுவானத்தை ஒட்டி இருக்கும்போது காற்றுப்படலத்தின் கலக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக மினுக்கும். மெல்லிய மேகம் கடந்தால் மேகம் நிற்பதுபோலவும் கோள் ஓடுவதுபோலவும் தோன்றும். வண்டியில் போனால் மரங்கள் பின்னே போகும், தொலைவில் இருக்கும் வெள்ளி மட்டும் கூடவே வரும். ‘எங்களைத் துரத்திக்கொண்டே வந்தது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. கண் அப்படித்தான் காட்டுகிறது. அப்புறம் கைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் குவியம் தப்பிய ஒளிப்புள்ளி வட்டத் தட்டாகவே பதிவாகும். ‘ஆதாரம்’ அங்கேயே தயார்.

2012–13 வாக்கில் லடாக் எல்லையில் இந்திய ராணுவத்தினர் சில மாதங்கள் தொடர்ந்து கண்காணித்த இரு ஒளிகள் உளவு ட்ரோன்கள் என்று சந்தேகிக்கப்பட்டன. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் மையத்தின் வானியலாளர்களிடம் கேட்டபோது, அவை வெள்ளியும் வியாழனும் என்று தெரியவந்தது. பயிற்சி பெற்ற கண்களுக்கும் இது நடக்கும்.

விசாரணை என்பது பெரும்பாலும் நாலைந்து கேள்விகள்தான்: எந்த நாள், எத்தனை மணி, எந்தத் திசை, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம்? உயரத்தை மீட்டரில் கேட்டுப் பயனில்லை, பாகையில் கேட்க வேண்டும். கையை நீட்டி விரல்களை மடக்கினால், அந்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. நேரம்தான் பாதி விடை. ஓரிரு நொடி என்றால் எரிகல்லாக இருக்கலாம். சில நிமிடம் சீராக நகர்ந்து நடு வானத்தில் சட்டென மறைந்தது என்றால், பூமியின் நிழலுக்குள் போன செயற்கைக்கோள். ஒரு மணி நேரம் அசையாமல் நின்று மெல்ல மேற்கே இறங்கியது என்றால் கோளோ விண்மீனோதான். எந்த நாளின் வானத்தையும் காட்டும் ஸ்டெல்லாரியம் போன்ற மென்பொருளில் அந்த நாளையும் இடத்தையும் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். 2019 மே மாதம் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 60 ஒரேயடியாக ஏவப்பட்டபின், ‘வரிசையாகப் போகும் விளக்குகள்’ என்ற புதிய வகையும் சேர்ந்துகொண்டது.

ஆனாலும் எதற்கெடுத்தாலும் வெள்ளி என்று சொல்லிவிட முடியாது. 1948இல் கென்டக்கியில் தாமஸ் மான்டெல் என்ற விமானி, வானில் கண்ட ஒன்றைத் துரத்திப் போய் விபத்தில் இறந்தார். முதலில் சொல்லப்பட்ட விளக்கம் வெள்ளி. ஆனால் பகல் வானத்தில் வெள்ளி அவ்வளவு பெரிதாகத் தெரியாது. அப்போது ரகசியமாக வைக்கப்பட்டிருந்த ஸ்கைஹுக் என்ற ராட்சத பலூன்தான் அது என்பதே இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம்.

சரி, தமிழில் எதைச் சொல்வது? ‘அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்’ பொருள் பிசகாதது, ஆனால் நீளம். அதோடு வெள்ளி பறப்பதுமில்லை. ‘பறக்கும்’ என்பதே ஒரு முடிவு. ஆங்கிலத்திலும் அரசு அமைப்புகள் யு.ஏ.பி. (இதில் ‘பி’ என்பது ‘ஃபினாமினா’) என்று, ‘பொருள்’ என்பதை விட்டு ‘நிகழ்வு’ என்ற பொருள்பட மாற்றிக்கொண்டன. நான் பரிந்துரைப்பது ‘இனங்காணா வான்தோற்றம்’. ‘தோற்றம்’ நமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறது. உள்ளே ஊர்தி இருக்கிறதா, ஒளிச்சிதறலா என்று வாக்குக் கொடுப்பதில்லை. ‘இனங்காணா’ என்பது இன்னும் காணவில்லை என்று மட்டும் சொல்லும். கண்டபின் பெயரை மாற்றிவிடலாம். ‘மேற்கே தெரிந்த இனங்காணா வான்தோற்றம் வெள்ளிக் கோள் என உறுதியானது’ என்று எழுதினால் வாக்கியம் முரண்படாது. ‘பறக்கும் தட்டு வெள்ளிக் கோள் என உறுதியானது’ என்று எழுதிப் பாருங்கள், முன்பாதியும் பின்பாதியும் சண்டை போடும். ‘பறக்கும் தட்டு’ கதைகளில் வரும் ஊர்திக்கு மட்டும் இருக்கட்டும்.