வெள்ளவத்தைக் கடலும் களைத்துப்போன கவனமும்

கீமோ முடிந்து இரண்டு மாதம் இருக்கும். அக்கா சொதிக்கு உப்புப் போட்டார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் போட்டார். மூன்றாம் தடவை "போட்டனானோ?" என்று கேட்டபோது அகப்பையை நான் வாங்கிக்கொண்டேன். முப்பது வருடம் கணிதம் படிப்பித்த ஆள். "தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார்.

அந்த நாட்களில் பின்னேரம் ஆனால் அக்காவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் மரைன் டிரைவ் என்ற கரையோர வீதி, அதைத் தாண்டினால் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கல், கடல். அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தால் ஆளில் ஒரு தெளிவு தெரியும். பக்கத்து வீட்டு மாமி "உப்புக்காத்து நல்லது" என்பார். காற்றுத்தானா காரணம் என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

நம் கவனம் இரண்டு வகை. ஒன்று தானாகப் போவது: மின்னல் வெட்டினால் திரும்பிப் பார்க்கிறோமே, அது. மற்றது நாம் இழுத்துப் பிடிப்பது: கணக்குப் போட, குளிசைகளை நேரப்படி பிரிக்க, டொக்டர் சொல்வதைக் கேட்டு நினைவில் வைக்க. இந்த இரண்டாவது வகையில் பெரிய பங்கு, வேண்டாததை அடக்கிவைப்பது. குளிசையை எண்ணும்போது தெருச் சத்தத்தை அடக்கவேண்டும். 'அடுத்த ஸ்கேனில் என்ன வருமோ' என்ற எண்ணத்தையும் அடக்கவேண்டும். அடக்குகிற அந்த வேலைதான் ஆளைக் களைக்கச் செய்வது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதி 1980களில் முன்வைத்த கோட்பாட்டின் அடிப்படை இதுதான். களைத்த கவனத்தைத் தூக்கம் ஓரளவு மீட்கும். விழித்திருக்கும்போதே அதை மீட்க வேண்டுமென்றால், தானாகப் போகிற கவனத்திடம் வேலையைக் கொடுத்துவிட்டு மற்றதை ஓயவிட வேண்டும்.

அப்படியென்றால் கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியில் நின்றாலும் போதுமே, அங்கேயும் கண் தானாகத்தானே போகிறது என்று கேட்கலாம். போகிறதுதான். ஆனால் ஓட்டோ ஹோர்ன் அடித்தால் ஒதுங்குவதா நிற்பதா என்று உடனே முடிவெடுக்கவேண்டும். விளம்பரப் பலகை வாசிக்கச் சொல்லும். அலை ஒன்றும் கேட்பதில்லை. பார்த்தாலும் சரி, பாதியில் விட்டாலும் சரி. கப்லான்கள் இதை மென்மையான ஈர்ப்பு என்றார்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் சில நிமிட நடை. மூளைக்கு அந்த இரண்டும் வேறு வேறு உலகம்.

இதைப் புற்றுநோயாளரிடம் சோதித்துப் பார்த்தவர் பெர்னடீன் சிம்ப்ரிச் என்ற தாதியியல் ஆய்வாளர். புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 157 பெண்களைக் கொண்டு அவர் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் வாரத்துக்கு 120 நிமிடம் இயற்கையோடு இருந்தார்கள்: மரங்களிடையே நடப்பது, தோட்டவேலை, பறவை பார்ப்பது, எது பிடிக்குமோ அது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர்களின் கவனத்திறன் மற்றவர்களைவிட நன்றாக மீண்டிருந்தது. அளந்தது கீமோ தொடங்குவதற்கு முன்னரே என்பதைக் கவனியுங்கள். கீமோ ஏறாமலே, நோயின் செய்தியும் சத்திரசிகிச்சையுமே கவனத்தைக் கரைக்கப் போதும்.

அளக்கப் பயன்பட்டவற்றில் ஒரு சோதனை வெகு எளிது. 7, 2, 9, 4 என்று ஒருவர் சொல்ல, 4, 9, 2, 7 என்று பின்புறமாகத் திருப்பிச் சொல்லவேண்டும். எண்கள் கூடக்கூட எங்கே தடுக்குகிறது என்று பார்ப்பார்கள். வீட்டில் விளையாட்டாகச் செய்து பார்த்தோம். அக்கா ஐந்தில் தடுக்கினார். நானும் ஐந்தில்தான், கீமோ எடுக்காமலே.

இதே சோதனையை வைத்து மிச்சிகனில் இன்னொரு ஆய்வு, 2008இல். ஆரோக்கியமான ஆட்களைத் தாவரத் தோட்டத்திலும் நகரத் தெருவிலும் நடக்கவிட்டார்கள். தோட்டத்தில் நடந்துவந்தால் மதிப்பெண் கூடியது. எனக்குப் பிடித்த தகவல் வேறு: கடுங்குளிரில் நடந்தவர்களுக்கு அந்த நடை இன்பமாக இருக்கவில்லை, ஆனாலும் மதிப்பெண் கூடியது. ஆகவே 'மனம் சந்தோஷப்பட்டது, அதனால் மூளை தெளிந்தது' என்று சுருக்கிவிட முடியாது. கடற்கரைக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்த நாட்களிலும் அக்காவுக்குப் பலன் இருந்திருக்கும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாலே போதும் என்பதற்கு ரொஜர் உல்ரிச் என்ற ஆய்வாளரின் 1984ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டுவார்கள். பித்தப்பை அகற்றிய 46 பேரில், மரம் தெரியும் ஜன்னலோரம் படுத்தவர்கள் செங்கற்சுவரைப் பார்த்துப் படுத்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு போனார்கள், கடுமையான வலிநிவாரணியும் குறைவாகவே கேட்டார்கள். சிறிய ஆய்வு, ஆனால் வைத்தியசாலைக் கட்டடங்களை வரைகிறவர்களை யோசிக்க வைத்தது.

எல்லை ஒன்று உண்டு. காட்டில் நடந்தவர்களின் குருதியில் இயற்கைக் கொல்கலங்கள் எனப்படும் ஒருவகை வெண்குருதிக் கலங்களின் செயற்பாடு கூடியதென்று ஜப்பானிய ஆய்வுகள் சொல்கின்றன. சில பேரை மட்டும் வைத்துச் செய்தவை. இதைக் காட்டி 'காடு புற்றுநோயைக் கொல்லும்' என்று காணொளி போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வரும். கட்டியைக் கரைப்பது கடலின் வேலையல்ல. தலைக்குள் பஞ்சு அடைப்பதற்கும் மருந்து, இரத்தச்சோகை, தூக்கமின்மை, ஹோர்மோன் மாற்றம் என்று பல காரணங்கள் உண்டு. கடல் தொடுவது அதில் ஒரு பகுதியை.

தாவரம் நேராகவே மருந்தான கதையும் இருக்கிறது, அது எங்கள் பல்கனிச் சாடியிலேயே பூக்கிறது. பட்டிப்பூ, சிலர் நித்தியகல்யாணி என்பார்கள். நீரிழிவுக்கு நாட்டு மருந்தாக இருந்த அந்தச் செடியின் சாறைக் கனடாவில் ரொபர்ட் நோபலின் குழு எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தது. சர்க்கரை குறையவில்லை, வெண்குருதிக் கலங்கள் சரிந்தன. 'அப்படியானால் குருதிப் புற்றுநோயில்?' என்று கேட்டதில் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிறந்தது. வின்கிரிஸ்டினும் இதே செடியில் இருந்து வந்ததுதான், பிள்ளைகளின் குருதிப் புற்றுநோய்க்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையிலிருந்து கிராம் அளவில்தான் மருந்து கிடைக்கும். ஆகவே இலையை அவித்துக் குடித்தால் மருந்தின் அளவு கிடைக்காது, நஞ்சு மட்டும் கிடைக்கலாம். எங்களுக்கும் ஒரு உறவினர் அவித்துக் கொண்டுவந்தார். நன்றி சொல்லிவிட்டுக் கழுவு தொட்டிக்குள் ஊற்றினோம்.

கொழும்பில் வெளியே போவதென்றால் சில சங்கதிகள் தெரிந்திருக்க வேண்டும். கீமோ ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாள் வரை பொதுவாக வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது மண் கிளறவோ உரம் கலக்கவோ கூடாது, அதிலுள்ள பங்கசு வித்திகள் நுரையீரலில் தொற்றலாம். அக்குளில் நிணநீர்க் கணு எடுத்தவர்கள் செடி வெட்டும்போது கையுறை போடவேண்டும். ஒரு முள் கீறினாலே கை வீங்கக்கூடும். காலில் விறைப்பு உள்ளவர்கள் வெறுங்காலோடு மணலில் நடந்தால் சிப்பி வெட்டியதுகூடத் தெரியாது. சில மருந்துகள் தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். டெங்கு நுளம்போ காலையிலும் பின்னேரமும் கடிப்பது, நாம் உலாத்தப் போகிற அதே நேரம். நீளக் கை சட்டையும் நுளம்பு விரட்டியும் பையில் இருக்கட்டும். காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுவிட்டுப் பார்த்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

சிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து, புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகமவில் அறை எடுத்துத் தங்கியிருப்போருக்கு வெள்ளவத்தைக் கடல் தூரம். அவர்களுக்குக் கோட்டைப் பக்கம், அதாவது ஜயவர்தனபுரக் கோட்டையில், பெத்தகான ஈரநிலப் பூங்கா கிட்ட. பலகைப் பாதையில் மெதுவாக நடக்கலாம், கொக்கும் மீன்கொத்தியும் நிற்கும். இந்தச் சதுப்புகளுக்காகத்தான் 2018இல் கொழும்புக்கு ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் 'ஈரநில நகரம்' என்ற பெயர் கிடைத்தது. அவ்வளவு நடக்க ஏலாதவர்களுக்கு விகாரமகாதேவிப் பூங்காவின் ஒரு வாங்கு. அதுவும் ஏலாதென்றால் ஜன்னலோரம் ஒரு பூச்சாடி. கதிரையை அதன் பக்கம் திருப்பிப் போட்டுவிடுங்கள். பார்க்க வருகிறவர்கள் நோயைப் பற்றி விசாரிக்காமல் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது.

நேற்றும் போனோம். பாணந்துறைப் பக்கம் போகிற ரெயில் ஒன்று கடந்தது. பழக்கதோசத்தில் நான் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன். "உன்ர கணக்கை அங்கால கொண்டுபோ. நான் அலையைப் பாக்கிறன்" என்றார் அக்கா.