பாட்டியின் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: பழைய காசு சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் நகைத் தொழில் செய்கிறேன். கொலுசு பற்றவைக்க, அடகு திருப்ப என்று வருகிறவர்களில் சிலர் கைக்குட்டையில் முடிந்து பழைய காசும் கொண்டு வருவார்கள். "பாட்டி டிரங்குப் பெட்டியில இருந்துச்சு, வெள்ளியான்னு பாருங்கண்ணே" என்பார்கள். முடிச்சை அவிழ்த்தால் காசு பளபளவென்று இருக்கும். முந்தின இரவே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருப்பார்கள். அழுக்கான பொருளை அடுத்தவர் கையில் கொடுக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தத் தேய்ப்பில் போனது திரும்பி வராது.

காசு சேர்க்க ஆசைப்படும் இளம் பிள்ளைகளும் இப்போது நிறைய விசாரிக்கிறார்கள். எங்கே வாங்குவது, என்ன விலை, எந்தக் காசுக்கு லட்சம் கிடைக்கும் என்று. கொஞ்ச நாளைக்கு எதையும் வாங்காதீர்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன். முதலில் உங்கள் வீட்டிலும் பெரியம்மா, மாமா வீடுகளிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தேய்க்காமல் பாருங்கள்.

மலையகத்துப் பெட்டிகளில் அதிகம் வருவது பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய். விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்டவை. நம் ஆட்கள் அக்கரையிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, கொண்டுவந்தது பாதி என்றால், இங்கேயே புழங்கியது மீதி. 1869இல் இந்திய ரூபாய்தான் இலங்கையின் முறையான நாணயமானது. 1872இல் அதை நூறு சதமாகப் பிரித்தார்கள். அந்த ரூபாயின் நிறை 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜோர்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான். பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் இரண்டையும் ஒரே விலைக்கு வாங்கி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் இலங்கையின் சொந்த வெள்ளிக் காசுகள். 1892 முதல் 10, 25, 50 சதங்கள் வெள்ளியில் வந்தன. நடுவில் பனை இன மரம் ஒன்று, இருபுறமும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு. ஐம்பது சதம் 5.83 கிராம், அதாவது இந்திய ரூபாயில் சரி பாதி. ஆரம்பத்தில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி இருந்தது, 1919 முதல் 55 ஆகக் குறைந்தது. ஆண்டைப் பார்த்தாலே உலோகம் தெரிந்துவிடும். இந்த ஒரு விவரம் தெரிந்தவரைக் கடைக்காரர் எவரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

சதுர ஐந்து சதம் 1909இல் வந்தது. 1870 ஆண்டு போட்ட செம்பு ஐந்து சதம் உள்ளங்கையில் கனமாக உட்காரும். நெளிநெளியான விளிம்புள்ள 2 சதத்தை நம் அம்மா அப்பா தலைமுறை கையாண்டிருக்கும். அதில் ஒரு விசேஷம் உண்டு. இலங்கையில் புழங்கிய காசுகளில் எலிசபெத் மகாராணியின் தலை இருப்பது 2 சதத்தில் மட்டும்தான். அதுவும் 1955, 1957 என்ற இரண்டு ஆண்டுகளில் மட்டும். 1963இல் வந்த புதிய வரிசையில் முடிசூடிய தலைகளே இல்லை. 1957இல் புத்த ஜயந்திக்காக வந்த 5 ரூபா 28.28 கிராம், ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. பெரிதாக, அழகாக இருப்பதால் பலர் அதைச் செலவழிக்காமல் பத்திரப்படுத்தினார்கள். அதனால் இன்றும் கண்ணில் படுகிறது.

காசல்லாத இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவைதான் அதிகம் குப்பைக்குப் போகின்றன. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில், கொழும்பிலிருந்த கோப்பி மில்கள் வேலையாட்களுக்குக் கொடுக்கத் தாங்களே டோக்கன் அடித்தன. சிலவற்றில் தமிழ் எழுத்தும் உண்டு. இன்னொன்று தகர டிக்கெட். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை அனுப்பியபோது, எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று எண் பொறித்த சின்னத் தகர வட்டத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். உருக்கினால் ஒரு ரூபாவும் தேறாது. ஆனால் உங்கள் குடும்பம் எந்தத் தோட்டத்துக்கு வந்து இறங்கியது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடைப்பது கஷ்டம். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து யாருக்கும் விற்காதீர்கள்.

சரி, ஏன் தேய்க்கக் கூடாது? புளியில் இருப்பது அமிலம். அது செம்பின் மேல் பல வருடங்களாகப் படிந்த பழுப்புத் தோலைக் கரைத்து, அடியில் இருக்கும் வெறும் செம்பை வெளியே கொண்டுவரும். அந்த இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்ததுமே சேகரிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். சாம்பலும் பிரஷும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். வெள்ளிக் காசில் அச்சு விழுந்தபோது உண்டான மெல்லிய பளபளப்பு அதோடு போய்விடும். கொலுசை நாங்கள் அமிலத்தில் போட்டுத் தேய்த்துக் கொடுப்பது சரி, அது மறுபடி மெருகேற்றக்கூடிய பொருள். காசுக்கு இரண்டாவது மெருகு கிடையாது. மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து, மென்மையான துணியில் ஒற்றி உலரவிடுங்கள். அவ்வளவுதான்.

என் தொழில்காரர்களையும் சேர்த்தே சொல்கிறேன்: வெள்ளியா என்று பார்க்கக் காசை உரைகல்லில் உரசவோ, விளிம்பை அரத்தால் ராவவோ விடாதீர்கள். அதற்கு அவசியமே இல்லை. முதலில் காந்தம். வெள்ளி ஒட்டாது, ஒட்டினால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது. அடுத்து இரண்டு தசம எண் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம், ஆனால் 11.66 இருக்க வேண்டிய ரூபாய் 9 கிராம் காட்டினால் அது போலி. இன்னும் சந்தேகம் என்றால் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்துப் பாருங்கள். வெளியே உள்ள நிறையை, தண்ணீரில் குறைந்த அளவால் வகுத்தால் அடர்த்தி வரும். பழைய இந்திய வெள்ளி ரூபாய்க்குச் சுமார் 10.3. செம்பு நிக்கல் கலவை 8.9 பக்கம் நிற்கும். வீட்டு மேசையிலேயே செய்யலாம், காசுக்கு ஒரு கீறலும் விழாது.

வாட்ஸ்அப்பிலும் யூடியூப்பிலும் ஓடும் கதைகளைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை. ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பனி, அரை அணா, 1818 என்று போட்ட காசு கோடிக்குப் போகும் என்கிறார்கள். அப்படி ஒரு காசைக் கம்பனி அடிக்கவே இல்லை. இவையெல்லாம் பின்னாளில் செய்த கோயில் டோக்கன்களும் அவற்றின் நகல்களும். "உங்கள் காசை வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாங்குகிறவன் உங்களுக்குப் பணம் தரவேண்டும், நீங்கள் அவனுக்கு எதற்குத் தரவேண்டும்? சம்பள நாளில் கடன் வாங்கி இப்படிக் கட்டியவர்கள் நம் தோட்டங்களிலும் உண்டு.

இன்னொரு விஷயம் சட்டம். கான் (வடிகால்) வெட்டும்போதோ, வீட்டுக்கு அத்திவாரம் தோண்டும்போதோ மண்ணிலிருந்து காசு கிடைத்தால் அது உங்கள் சேகரிப்பில் சேராது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதைத் தொல்பொருளாகக் கருதுகிறது. கண்டி இராச்சியம் பிரிட்டிஷார் கைக்குப் போன ஒப்பந்த நாள் அது. வளைந்த கம்பி மாதிரியான வெள்ளி லாரின், ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி (விஓசி) செம்புக் காசு, சேது என்று எழுதிய யாழ்ப்பாண மன்னர் காசு எல்லாம் அந்த எல்லைக்கு முந்தியவை. கிடைத்தால் கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். புதையல் தோண்டக் கூட்டு சேர அழைப்பவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள். அது நேராகச் சிறைக்குப் போகும் வழி. அனுமதி இல்லாமல் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம்.

வைத்திருப்பதில் நமக்குத்தான் கூடுதல் சிரமம். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் மழைக்காலத்தில் சுவரே வியர்க்கிறது. அந்த ஈரத்தில் செம்புக்குக் களிம்பு பிடிக்கும். கடையில் விற்கும் மென்மையான பிவிசி பிளாஸ்டிக் அல்பம் அதைவிட மோசம், நாளாக நாளாகப் பச்சைப் பசை கசிந்து காசைத் தின்னும். ரப்பர் பேண்ட், பத்திரிகைத் தாள் இரண்டிலும் கந்தகம் உண்டு, வெள்ளி கறுத்துவிடும். காசுக்கென்று விற்கும் அட்டை உறையில் தனித்தனியாகப் போட்டு, இறுக மூடும் டின்னுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அடுப்படி வேண்டாம். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

பிள்ளைகள் தொடங்க, 2013 ஆண்டு போட்டு மத்திய வங்கி 25 மாவட்டங்களுக்கும் வெளியிட்ட 10 ரூபாத் தொடர் நல்லது. கடைச் சில்லறையிலேயே தேடலாம். நுவரெலியா, கண்டி, மாத்தளை, பதுளையில் தொடங்கினால் ஆர்வம் தானாக வரும். கொழும்புக்குப் போகும்போது கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள். நிஜக் காசைக் கண்ணால் பார்த்த பிள்ளையைப் போலி ஏமாற்றுவது கடினம்.

கூடவே ஒரு கொப்பியும் வேண்டும். காசின் ஆண்டு, நிறை, யாரிடமிருந்து வந்தது, அவர் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எப்போது கொடுத்தார் எல்லாம் எழுதுங்கள். காசின் ஆண்டு காசிலேயே இருக்கிறது, மற்றதைச் சொல்லப் பாட்டி மட்டும்தான் இருக்கிறார். இந்த வாரமே கேளுங்கள். வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்ட காசு என்றால் வளையத்தைக் கழற்ற வேண்டாம், சேகரிப்பவரின் விலை எப்படியும் போய்விட்டது, குடும்ப நகையாகவே இருக்கட்டும்.

கடைசியில் பணத்தேவை வந்து விற்கத்தான் வேண்டும் என்றால், அதில் வெட்கம் இல்லை. பரவலாகக் கிடைக்கும் ஆண்டு, நன்றாகத் தேய்ந்த காசு என்றால் வெள்ளி விலைக்கு மேல் பெரிதாகக் கிடைக்காது. அதையும் தெரிந்துகொண்டே போங்கள். ஆனால் இரண்டு பேரிடமாவது காட்டுங்கள், இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். கடைக்காரர் மொத்தமாகத் தராசில் போட்டால், என் கடையாக இருந்தாலும் சரி, இதை உருக்கப் போகிறீர்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் அன்றைக்குக் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போய் ஒவ்வொன்றின் ஆண்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.