ரிசல்ட்டுக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை: கல்லூரி உதவித்தொகை, கட்டணச் சலுகை, கல்விக் கடன்

உதவித்தொகை கிடைக்காமல் போகிற மாணவர்களில் பலர் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள்தான். விண்ணப்பம் போட்டிருப்பார்கள், கல்லூரி சரிபார்த்திருக்கும், துறையும் ஒப்புதல் கொடுத்திருக்கும். பணம் மட்டும் வராது. ஏன் என்று தேடிப்போனால் பெயர், வங்கிக் கணக்கு, வருமானச் சான்று இந்த மூன்றில் ஒன்றில் போய் முட்டும். பிளஸ் டூ பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் ஏப்ரல் மாதத்தில் இவற்றைச் சரிசெய்துவிடலாம். அட்மிஷன் அலைச்சல் தொடங்கிவிட்டால் இதற்கெல்லாம் நேரமே இருக்காது.

முதலில் பெயர். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய சிக்கல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'கார்த்திக் ச' என்றிருக்கும். ஆதாரில் 'கார்த்திக் சண்முகம்'. பாஸ்புக்கில் 'ச. கார்த்திக்'. நமக்கு மூன்றும் ஒரே பையன், கணினிக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை, ஆதாரைத் திருத்துவது அதைவிட எளிது. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்ற முடியும். எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பிறகே ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள். 15 வயதானதும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அதைச் செய்யாத மாணவருக்கு, பின்னால் கல்லூரியில் விரல் வைத்து இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) எடுக்கும்போது கைரேகை பொருந்தாமல் போகலாம். ஆதாரோடு இணைத்த மொபைல் எண்ணும் உயிரோடு இருக்க வேண்டும், ஏனெனில் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. "ஆதாரை இணைச்சாச்சே" என்று பெற்றோர் சொல்வார்கள். வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவு செய்வது ஒன்று, அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று என்பிசிஐ (தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம்) பட்டியலில் சேர்ப்பது வேறொன்று. இரண்டாவதைத்தான் வங்கியில் 'ஆதார் சீடிங்' என்பார்கள். அதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு கணக்குதான் அந்தப் பட்டியலில் இருக்கும். புதிதாக வேறு வங்கியில் கணக்குத் தொடங்கும்போது கவனிக்காமல் அந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பணம் அங்கே போய்விடும். எந்த வங்கி பட்டியலில் இருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் உள்நுழைந்து இலவசமாகப் பார்க்கலாம். பள்ளியில் படிக்கும்போது முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய சிறு கணக்கு என்றால் இன்னொரு தடை உண்டு. அதில் ஒரு சமயத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது, ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் வரவும் வைக்க முடியாது. பெரிய தொகை வந்தால் திரும்பிப் போய்விடும். கிளைக்குப் போய் முழு கேஒய்சி கொடுத்துச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

வருமானச் சான்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கக் கூடியதுதான். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகப் போகும். சென்னையில் இது நிற்கும் இடம் முகவரி. வாடகை வீட்டுக்காரர்கள் வேளச்சேரியில் குடியிருப்பார்கள், ரேஷன் கார்டு இன்னும் விழுப்புரத்திலேயே இருக்கும், ஆதாரில் பழைய பெரம்பூர் முகவரி இருக்கும். விசாரணைக்கு வருபவரிடம் காட்ட ஒரு ஆவணமாவது இப்போதைய முகவரியில் இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பும். ரேஷன் கார்டு முகவரியை முதலில் மாற்றிவிட்டு வருமானச் சான்றுக்குப் போனால் ஒரே முறையில் முடியும்.

தொகையையும் சரியாகக் கணக்கிடுங்கள். அப்பாவுக்கு மாதம் 16,000, அம்மாவுக்கு வீட்டு வேலையில் 5,500 என்றால் ஆண்டுக்கு 2,58,000. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் கல்வி உதவித்தொகைகளின் வரம்பு 2.5 லட்சம். 8,000 ரூபாய் கூடிவிட்டதே என்று வருமானத்தைக் குறைத்து எழுதச் சொல்கிறவர்களைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அதே குடும்பம் நாளை கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போகும், அங்கே சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்பார்கள். இரண்டு தாளும் இரண்டு கதை சொன்னால் கடனும் வராது, உதவித்தொகையும் சிக்கலாகும். 2.5 லட்சத்தைத் தாண்டியவருக்கும் வழி இருக்கிறது. பிளஸ் டூவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகைக்கு வரம்பு 4.5 லட்சம். பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறார்கள். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகைக்கு 8 லட்சம் வரை போகலாம். பொறியியல், பாலிடெக்னிக் போன்ற தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு, ஒரு குடும்பத்தில் இருவர் வரை, ஆண்டுக்கு 50,000 ரூபாய். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இதேபோல் சக்ஷம் உண்டு. பிரகதியின் பெயரே தெரியாத வீடுகள் இன்னும் நிறைய இருப்பதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்தால், இலவசக் கல்வித் திட்டத்துக்கு வருமான வரம்பே கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் தனியாக ஓர் இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. இணைப்புக் கல்லூரிகளில் ஏழை மாணவர்களுக்கு இடம் தரும் இத்திட்டத்துக்கு, பிளஸ் டூ ரிசல்ட் வந்த 15 நாட்களுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். கலை அறிவியல் கல்லூரிகளின் வரிசையில் நிற்கும்போதே அந்த 15 நாளும் ஓடிவிடும்.

அரசுப் பள்ளியில் படித்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் அவர்களுக்குச் சேர வேண்டியது அதிகம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. மாணவிகளுக்காக 2022 செப்டம்பரில் வந்த புதுமைப்பெண், மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. வேறு உதவித்தொகை வாங்குகிறோம் என்பதற்காக இதை விட்டுவிட வேண்டியதில்லை. பள்ளி மாணவர் பதிவேடான எமிஸில் உள்ள எண்ணைக் கையோடு கொண்டுபோய், கல்லூரி மாணவர் பதிவேடான யுமிஸில் எண் உருவாகிவிட்டதா என்று முதல் மாதத்திலேயே கேளுங்கள். யுமிஸில் பெயர் ஏறாத மாணவருக்கு மாநில அரசின் எந்தக் கதவும் திறக்காது.

முதல் பட்டதாரி சலுகைக்கு சாதியும் வருமானமும் தடையில்லை. வீட்டில் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அஞ்சல் வழியில் அண்ணன் வாங்கிய பட்டமும் கணக்கில் வரும். அக்கா ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடையாது. சான்றிதழோடு கூட்டு உறுதிமொழிப் படிவத்தையும் கலந்தாய்வு விண்ணப்பத்திலேயே பதிவேற்ற வேண்டும். இந்தச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தவருக்கு மட்டுமே. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தாலோ, சென்னையைச் சுற்றி வரிசையாக இருக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தாலோ இது பொருந்தாது. "சான்றிதழ் இருக்கு, எங்க சேர்ந்தாலும் குறைப்பாங்க" என்று நம்பி அட்வான்ஸ் கட்டிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

தனியார் பல்கலைக்கழகம் '50 சதவீத ஸ்காலர்ஷிப்' என்று கடிதம் கொடுத்தால், அந்தச் சதவீதம் எதன் மேல் என்று கேளுங்கள். பெரும்பாலும் டியூஷன் கட்டணத்தின் மேல் மட்டும்தான் இருக்கும். ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். டியூஷன் 2,50,000, விடுதியும் மெஸ்ஸும் 1,30,000, தேர்வு, பஸ், இதரக் கட்டணம் 40,000. பாதி ஸ்காலர்ஷிப் போக ஆண்டுக்குக் கட்ட வேண்டியது 2,95,000. நான்கு ஆண்டுக்கு 11,80,000. காதில் விழுந்தது 'பாதி', கையிலிருந்து போவது 70 சதவீதம். நிபந்தனையையும் படிக்க வேண்டும். சிஜிபிஏ (10க்கு எடுக்கும் சராசரி மதிப்பெண் புள்ளி) 8.5க்குக் குறையக் கூடாது, ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தால், முதலாண்டு கணிதத்தில் ஒரு தாள் போனால் போதும். மீதி மூன்று ஆண்டுக்கு 3,75,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். அரியரை எழுதித் தேறினால் ஸ்காலர்ஷிப் திரும்பக் கிடைக்குமா, ஆண்டுதோறும் கட்டணம் ஏறுமா என்ற இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அட்மிஷன் மேசையில் வாய்வார்த்தையாகச் சொல்வதற்கு மதிப்பில்லை.

இடத்தை விட்டு வேறு கல்லூரிக்குப் போவதாக இருந்தால், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 அக்டோபர் அறிவிப்பை நினைவில் வையுங்கள். சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு திரும்பும் தொகை 90, 80, 50 சதவீதம் என்று படிப்படியாகக் குறையும். கடைசித் தேதி தாண்டி 30 நாளுக்கு மேல் போய்விட்டால் ஒன்றும் வராது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்வதையும் அதே அறிவிப்பு தடை செய்கிறது.

எந்த அரசு உதவித்தொகையும் முதல் செமஸ்டர் கட்டணம் கட்டும் நாளில் கைக்கு வராது. சரிபார்ப்பு முடிந்து ஆண்டின் பிற்பகுதியில் வருவதுதான் வழக்கம். ஆகவே முதல் தவணைக்கு வழி செய்துகொண்டுதான் சேர வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் உதவித்தொகையில் கல்லூரிக்குரிய கட்டணமும் மாணவர் கணக்கிலேயே வந்து விழலாம். அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம். வீட்டுச் செலவில் கரைந்துவிட்டால் ஹால் டிக்கெட் நேரத்தில் நெருக்கடி வரும்.

கல்விக் கடனுக்கு வித்யாலக்ஷ்மி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை பிணையும் வேண்டாம், கைக்காசும் போட வேண்டாம். அதற்கு மேல் இந்தியாவில் படிக்க 5 சதவீதம் நாம் போட வேண்டும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓர் ஆண்டும் தவணை கிடையாது என்றாலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டு வாங்கி, வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். தவணை தொடங்கும்போது தனி வட்டியே 1,40,000 சேர்ந்திருக்கும். முதலாண்டில் மாதம் 833 ரூபாய் கட்டி வந்தாலே அந்த ஆண்டின் வட்டி நின்றுவிடும். முடிந்தவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கருத்து. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வி படித்தால், தவணை இல்லாத அந்தக் காலம் முழுவதற்குமான வட்டியை மத்திய அரசே கட்டும். அதற்கான வருமானச் சான்றைக் கடன் வாங்கும்போதே கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். 2024 நவம்பரில் ஒப்புதலான பிரதமர் வித்யாலக்ஷ்மி திட்டத்தில், பட்டியலில் உள்ள உயர்தரக் கல்வி நிறுவனங்களுக்குப் பிணையோ ஜாமீனோ இல்லாமல் கடன் கிடைக்கிறது. 8 லட்சம் வருமானம் வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. வேறு அரசு உதவித்தொகை வாங்குகிறவருக்கு அந்த வட்டிச் சலுகை கிடைக்காது, எது லாபம் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்.

கடன் மறுக்கப்படுவதற்கு அதிகமாகக் காரணமாவது இணைக் கடன்தாரரான பெற்றோரின் சிபில், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினார்களா என்று காட்டும் அறிக்கை. எப்போதோ விட்டுப்போன பைக் தவணை, 'செட்டில்மென்ட்' செய்து முடித்த பழைய கிரெடிட் கார்டு எல்லாம் அதில் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். ஏப்ரலிலேயே எடுத்துப் பாருங்கள். "உங்க வீடு எங்க ஏரியா இல்லை" என்று கிளையில் சொன்னால் ஏற்க வேண்டாம், கல்விக் கடனுக்கு ஏரியாக் கணக்குப் பார்த்து மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே எழுதலாம், கட்டணம் இல்லை.

"உங்கள் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு" என்று போன் செய்து, பிள்ளையின் பெயர், பள்ளி எல்லாம் சரியாகச் சொல்லி, ஓடிபியோ க்யூஆர் கோடு ஸ்கேனோ கேட்பவர்கள் திருடர்கள். எந்த உதவித்தொகைக்கும் நாம் பணம் அனுப்ப வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டால் வாரம் ஒரு முறை நிலையைப் பாருங்கள். 'டிஃபெக்டட்' என்று வந்திருந்தால் நிராகரித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, திருத்தி அனுப்பச் சொல்கிறார்கள். தேதி முடிவதற்குள் திருத்தி, கல்லூரியின் நோடல் அலுவலர் (உதவித்தொகைப் பொறுப்பாளர்) மறுபடி சரிபார்த்தாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். முதலாண்டு வந்த பணம் இரண்டாமாண்டு தானாக வராது, புதுப்பித்தல் விண்ணப்பம் தனி. பிளஸ் டூவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகைக்கு அப்போது 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் பார்ப்பார்கள். படிப்பு முடியும் வரை அதே வங்கிக் கணக்கையும் அதே மொபைல் எண்ணையும் வைத்திருங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் புதுப்பிக்கும் காலம் தொடங்கும் முன் மாற்றி, பணம் எந்த வங்கிக்கு வரும் என்பதை ஆதார் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொண்டு, பிறகு விண்ணப்பத்தைச் சமர்ப்பியுங்கள்.