கரிசல் மண்ணில் காங்கிரீட் நடைபாதை: தூக்காமல், சாயாமல் இருக்க

கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் வட்டாரத்தில் பங்குனி, சித்திரையில் கரிசல் காட்டுக்குப் போனால் வெடிப்புக்குள் கையையே விடலாம். ஐப்பசியில் நாலு நல்ல மழை இறங்கிவிட்டால் வெடிப்பு இருந்த தடமே தெரியாது. மண் சரிந்து அடைத்துக்கொள்வதில்லை, தண்ணீர் குடித்துப் பருத்து மூடிக்கொள்கிறது. அந்த மண்ணின் மேல்தான் கேட்டிலிருந்து வாசற்படி வரை காங்கிரீட் பாதை போடுகிறோம். முதல் மழைக்காலம் முடிந்ததும் நடுவில் நீளவாக்கில் ஒரு கீறல் விழும். அடுத்த வருடம் இரண்டு பலகைகளுக்கு நடுவே கால் இடறும் அளவுக்கு ஒரு படி. அதற்கடுத்து பாதை வீட்டுப் பக்கம் சாய்ந்து, தண்ணீர் சுவரோரம் தேங்கும். சிமெண்ட் குறைச்சல், கம்பி போதவில்லை என்று பேச்சு வரும். சிமெண்டைக் கூட்டினாலும் கம்பியைக் கூட்டினாலும் இந்தக் கோளாறு தீராது.

கரிசலில் நிறைந்திருக்கும் கனிமத்துக்கு மான்ட்மொரில்லோனைட் என்று பெயர். சுமார் 1 நானோமீட்டர் கனமுள்ள ஏடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தது அதன் ஒவ்வொரு துகளும். ஏடுகளில் எதிர்மின்னூட்டம் இருக்கும். அதைச் சமன்செய்ய இடையிடையே சோடியம், கால்சியம் அயனிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏட்டுக்கும் ஏட்டுக்கும் பிடிப்பு குறைவு என்பதால் தண்ணீர் வந்ததும் அயனிகள் அதை உள்ளே இழுக்கின்றன, ஏடுகள் விலகுகின்றன, மண் வீங்குகிறது. செம்மண்ணில் அதிகம் காணப்படும் கயோலினைட்டும் ஏடுகளால் ஆனதுதான். ஆனால் அங்கே ஹைட்ரஜன் பிணைப்பு ஏடுகளை இறுக்கிப் பிடித்திருப்பதால் தண்ணீர் இடையில் நுழைவதில்லை.

4 இஞ்ச் கனமுள்ள காங்கிரீட் பலகையின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ. வீங்கும் கரிசல் மேல்நோக்கித் தரும் அழுத்தமோ சதுர மீட்டருக்குப் பத்து டன்னைத் தாண்டுவது சாதாரணம். கனத்தை 6 இஞ்ச் ஆக்கினாலும் எடை 360 கிலோதான். ஆகவே எடையைக் கொண்டு மண்ணை அமுக்கி வைக்கும் யோசனை எடுபடாது. மண்ணை முழுக்கத் தோண்டி மாற்றவும் வழியில்லை; கரிசலில் பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் ஆழம் சுமார் 3.5 மீட்டர். அந்த ஆழத்தைத் தாண்டிப் பிடிப்பதற்காகத்தான் கட்டடங்களுக்கு அடியில் குமிழ் விரிந்த பைல்கள், அதாவது ஆழத்தில் இறக்கும் காங்கிரீட் தூண்கள், போடுகிறார்கள். நடைபாதைக்கு அந்தச் செலவு யாரும் செய்யமாட்டார்கள், செய்யவும் வேண்டாம்.

பலகை முழுதும் ஒரே சீராக அரை இஞ்ச் எழும்பினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கெடுதல் வருவது ஓரம் ஒரு மாதிரியும் நடு வேறு மாதிரியும் அசைவதால். பலகைக்கு அடியில் நடுப்பகுதி வெயிலும் மழையும் படாமல் கிட்டத்தட்ட ஒரே ஈரத்தில் இருக்கும். ஓரங்கள் மழையில் நனைந்து வீங்கும், கோடையில் காய்ந்து இறங்கும். நடுவில் நீளக் கீறல் விழுவது இதனால்தான். எனவே ஓர மண்ணின் ஈரத்தை நடு மண்ணின் ஈரத்தோடு ஒட்ட வைப்பதுதான் முக்கியமான வேலை. மற்றதெல்லாம் அதற்கு உதவி.

முதலில் மண் எவ்வளவு வீங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ். 2720 என்னும் இந்தியத் தரவிதியின் 40ஆம் பகுதியில் இதற்கொரு எளிய சோதனை இருக்கிறது. ஓவனில் உலர்த்தி 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 10 கிராம் வீதம், 100 மில்லி அளவுக் குழாய்கள் இரண்டில் போட வேண்டும். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் காய்ச்சி வடித்த நீர். மண்ணெண்ணெயில் இந்த மண் வீங்காது. 24 மணி நேரம் கழித்து இரண்டிலும் மண் படிந்திருக்கும் அளவைப் பார்த்து, எத்தனை சதவீதம் கூடுதல் என்று கணக்கிட வேண்டும். மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 18 மில்லி என்றால் வீக்கம் 80 சதவீதம். 50க்குக் கீழே கவலை குறைவு. 50 முதல் 100 வரை நடுத்தரம். 100ஐத் தாண்டினால் காங்கிரீட் போடலாமா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும்.

இனி 30 அடி நீளம், 4 அடி அகலம், 4 இஞ்ச் கனமுள்ள பாதையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். இருபுறமும் அரை அடி கூட்டி 5 அடி அகலத்துக்கு, சுமார் 9 இஞ்ச் ஆழம் தோண்ட வேண்டும். காங்கிரீட்டின் மேல்பரப்பு தரையைவிட ஒரு இஞ்ச் தூக்கலாக வருமாறு மட்டம் வைத்தால் போதும்.

தோண்டிய குழியில் மணல் கொட்டி நிரப்புவது ஊர் வழக்கம். கரிசலில் அதுதான் பெரிய தவறு. சுற்றிலும் தண்ணீர் இறங்காத களி, நடுவில் மணல்: பெய்யும் மழையெல்லாம் மணலுக்குள் தொட்டித் தண்ணீர்போல் நின்றுவிடும், அடியிலுள்ள களிக்கு வாரக்கணக்கில் ஈரம் ஊட்டும். மணலுக்குப் பதில் செம்மண் கலந்த கிராவல் போடுங்கள். அது வீங்காது, அழுத்தினால் இறுகும், தண்ணீரையும் எளிதில் விடாது. 5 அடி அகலத்தில் 6 இஞ்ச் கெட்டித்த பிறகு 75 கன அடி. உதிரியாக வாங்கும்போது ஏறத்தாழ ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, தேவைப்படும். 3 இஞ்ச் வீதம் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் பிளேட் காம்பாக்டரால் கெட்டிக்க வேண்டும். திமிசுக் கட்டையாலும் செய்யலாம், ஆனால் ஓரத்தைக் குத்துவதற்குள் ஆட்களுக்குக் கை ஓய்ந்துவிடும். பின்னால் இறங்குவதும் அந்த ஓரம்தான்.

கிராவலுக்கு அடியிலுள்ள கரிசலை மட்டும் அப்படிப் போட்டுக் குத்தக் கூடாது. காய்ந்த களியை எவ்வளவு நெருக்குகிறோமோ அவ்வளவு அதிகமாகப் பின்னால் வீங்கும். அதற்கு ஈரமும் மிதமான அழுத்தமும் போதும். ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு உருண்டை மண்ணைக் கண்ணாடி மேல் வைத்து உள்ளங்கையால் நூலாக உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வருமுன் உதிர்ந்தால் மண் காய்ச்சல். நீர் தெளித்து, சாக்கு மூடி, ஓரிரு நாள் விட வேண்டும். 3 மில்லிமீட்டர் நூல் உடையாமல் வந்து, கையில் ஒட்டாமலும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் மண்ணின் மேல் அப்படியே போட்ட பாதையை ஐப்பசி தூக்கிவிடும். கார்த்திகைச் சேற்றில் போட்டால் கோடையில் மண் சுருங்கி ஓரத்துக்கு அடியில் பொந்து விழும். தை, மாசிதான் நமக்குத் தோதான காலம்.

வீக்கம் நடுத்தரத்துக்கு மேல் என்றால் கிராவலுக்கு அடியில் வரும் கரிசலின் மேல் 6 இஞ்சைச் சுண்ணாம்பால் பதப்படுத்துவது நல்ல முதலீடு. நீர்த்த சுண்ணாம்பிலுள்ள கால்சியம், ஏடுகளுக்கு இடையிலுள்ள சோடியத்தை வெளியேற்றி இடத்தைப் பிடிக்கும். ஏடுகள் நெருங்கி, களி உதிரியாக மாறும். சில மாதங்களில் சுண்ணாம்பும் களியும் வினைபுரிந்து சிமெண்ட் போன்ற பிணைப்பும் வரும். உலர்ந்த மண்ணின் எடையில் 4 சதவீதம் என்றால் நம் 150 சதுர அடிக்குச் சுமார் 130 கிலோ. கொத்திக் கிளறி, நீர் சேர்த்து, ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடி கிளறியபின் அழுத்த வேண்டும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மண்ணில் பளபளவென்று ஜிப்சம் படிகங்கள் தெரிந்தால் இந்த வேலையே வேண்டாம். சல்பேட்டும் சுண்ணாம்பும் களியிலுள்ள அலுமினாவும் சேர்ந்து எட்ரிங்கைட் உருவாகி, அது தன் பங்குக்கு வீங்கும்.

கிராவல் மேல் 250 மைக்ரான் பாலிதீன் ஷீட் விரியுங்கள். இருபுறமும் ஒரு சாண் அகலத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குச் சால் வெட்டி, ஷீட்டின் ஓரங்களை அதில் இறக்கி, தோண்டிய கரிசலையே சுண்ணாம்பு கலந்து நிரப்பி அழுத்த வேண்டும். ஓர மண் சட்டென்று நனையாமலும் காயாமலும் காப்பது இந்தத் தொங்கல்தான். முழு வேலையிலும் மலிவான பொருள் இது. அதிகம் விட்டுப்போவதும் இதுவே.

காங்கிரீட் எம் 20 தரம், கலவை 1:1.5:3 (சிமெண்ட், மணல், ஜல்லி). நம் பாதைக்கு 40 கன அடி: சிமெண்ட் சேதாரம் சேர்த்து 10 மூட்டை, எம் சாண்ட் சுமார் 18 கன அடி, முக்கால் இஞ்ச் ஜல்லி சுமார் 36 கன அடி. ஒரு மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டர். ஈரமான மணலிலேயே மூட்டைக்கு நாலு லிட்டர் வரை வந்துவிடும் என்பதால் அதைக் கழித்துத்தான் ஊற்ற வேண்டும். கரண்டிக்கு இழுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஊற்றும் ஒவ்வொரு குடமும் பின்னால் சுருக்கக் கீறலாகத் திரும்பி வரும்.

8 மில்லிமீட்டர் கம்பி, 8 இஞ்ச் இடைவெளியில் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும், மொத்தம் 45 கிலோவுக்குச் சற்று மேல். கம்பி கீறலைத் தடுக்காது, விழுந்த கீறலை விரியவிடாமல் பிடிக்கும். அதற்கு அது பலகையின் மேல்பாதியில், மேலிருந்து 40 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் தரையில் பரப்பி, கொட்டும்போது கொக்கியால் தூக்கிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். கம்பி ஷீட்டோடு ஷீட்டாகக் கிடக்கும்.

ஒவ்வொரு 10 அடிக்கும் முழு இணைப்பு விட்டு, கம்பி வலையை அங்கே நிறுத்திவிடுங்கள். இணைப்பைத் தாண்டிப் போக வேண்டியவை முறுக்கில்லாத வழுவழுப்பான 12 மில்லிமீட்டர் கம்பிகள் மட்டும்: 16 இஞ்ச் நீளம், அடிக்கு ஒன்று, பாதி நீளத்துக்கு கிரீஸ் தடவியது. பலகைகள் விலகலாம், சேரலாம். ஒன்று மட்டும் தனியே எழும்ப முடியாது. இடையில் 5 அடிக்கு ஒரு வெட்டு, ஆழம் ஒரு இஞ்ச், அதாவது கனத்தில் கால்பங்கு. நம் வெயிலில் கட்டர் மெஷினை 6 முதல் 12 மணி நேரத்துக்குள் ஓட்டிவிட வேண்டும். மறுநாள் காலை வரலாம் என்றால் காங்கிரீட் தானே ஒரு இடத்தைத் தேர்ந்து கீறியிருக்கும்.

வீட்டுச் சுவரையும் படியையும் பாதை தொடவே கூடாது. அரை இஞ்ச் தெர்மோகோல் வைத்துப் பிரித்து, பிறகு மேலே அரை இஞ்ச் சுரண்டி எடுத்து பாலியூரிதேன் சீலண்ட் நிரப்ப வேண்டும். வீடு ஆழத்தில் ஊன்றியிருக்கிறது, பாதை மேலே மிதக்கிறது. இரண்டையும் கம்பியால் கட்டினால் உடைவது பாதை மட்டுமல்ல. வீட்டிலிருந்து விலகும் திசையில் 4 அடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம் வேண்டும்.

போட்ட காங்கிரீட்டிலிருந்து ஊறி வரும் கசிநீர் மேலே நிற்கும்போது காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பார்கள். அப்படிச் செய்த மேல்தோல் இரண்டே வருடத்தில் ஏடாக உரியும். கசிநீர் வற்றும்வரை மட்டப்பலகையைக் கீழே வைத்துவிடுங்கள். காங்கிரீட்டை ஈரத்தில் வைத்து ஆற்றுவதற்குப் பாத்தி கட்ட வேண்டாம், அந்தத் தண்ணீரே ஓரக் கரிசலை நனைத்து வீங்கவைக்கும். ஈரச் சணல் சாக்கு, அதன் மேல் பாலிதீன், பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள்.

போட்ட பிறகு பாதையைக் கெடுப்பவை ஏ.சி. சொட்டுநீர், மாடித் தண்ணீர்க் குழாய், ஒரு பக்கம் மட்டும் பாய்ச்சும் பூச்செடிப் பாத்தி. குழாயைப் பாதை தாண்டி நீட்டிவிடுங்கள். வேம்பு, புங்கை போன்றவை இதற்கு நேர்மாறாக ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்கும். மரம் வளரக்கூடிய உயரமளவு தள்ளி நடுவது பாதுகாப்பு. கீறல் விழுந்துவிட்டால் சிமெண்டுப் பால் ஊற்றாதீர்கள், அசையும் இடத்தில் அது நிற்காது, சீலண்ட்தான் சரி. சுத்தியால் தட்டிப் பார்த்து ஓரத்தில் வெற்றொலி கேட்டால் அடியில் பொந்து. பலகையில் துளையிட்டு, நீர்த்த சிமெண்ட் கலவையைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்தி நிரப்பலாம்.

வீக்கம் 100 சதவீதத்தைத் தாண்டும் மனையில் பேவர் பிளாக்தான் பரிந்துரைக்கத் தக்கது. அங்கும் இதே கிராவல், இதே ஷீட், இதே தொங்கல். ஷீட்டுக்கு மேல் ஒரு இஞ்ச் கிரஷர் தூள் மட்டும், அதில் இறங்கும் நீர் வெளியேற ஷீட்டுக்கும் அதே வாட்டம். தூக்கிய இடத்தில் கல்லைப் பெயர்த்து, மட்டம் பார்த்து, திரும்ப அடுக்க இரண்டு ஆளுக்கு அரை நாள் வேலை.