100 கட்டிலில் 1,875 பேர்: வீடற்றோரும் நகரத்தின் கணக்கும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலோ கும்பகோணம் ரயிலடியிலோ நள்ளிரவில் படுத்திருப்பவர்களை எண்ணினால் ஓர் எண்ணிக்கை கிடைக்கும். அத்தனை கட்டில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்றுதான் தோன்றும். எண்ணிக்கை பொய்யில்லை, ஆனால் விஷயத்தில் பாதியை மறைத்துவிடுகிறது.

ஒரு கணக்கு போடுவோம். வீடற்றோர் காப்பகம் ஒன்றில் 100 கட்டில், தினமும் எல்லாம் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கட்டிலில் வருடம் முழுக்க அதே 50 பேர். மற்ற 50 கட்டிலில் பத்து நாளுக்கு ஒருமுறை ஆள் மாறுகிறது. வருடக் கடைசியில் பதிவேட்டைப் புரட்டினால் இந்த இரண்டாம் பாதியில் மட்டும் 1,825 பெயர்கள் இருக்கும். ஆக மொத்தம் 1,875 பேர். இவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறாத அந்த 50 பேர்தான் பாதி இரவுகளை எடுத்துக்கொண்டவர்கள். எந்த ராத்திரி போய்ப் பார்த்தாலும் பாதிக் கட்டிலில் அவர்களே தெரிவார்கள். இது வெறும் கற்பனைக் கணக்கும் அல்ல. நியூயார்க், பிலடெல்பியா காப்பகப் பதிவேடுகளை அலசி ராண்டல் குன், டென்னிஸ் கல்ஹேன் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒரு பங்கினர் ஏறக்குறையப் பாதி இரவுகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். நம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுக்க வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் என்றது. அதுவும் பிப்ரவரி 28 என்ற ஒற்றை இரவின் எண்ணிக்கைதான்.

இதிலிருந்து தெரிவது, தெருவில் படுப்பவர்கள் ஒரே கூட்டம் அல்ல என்பது. மகனோடு மனத்தாங்கலில் கிளம்பி வந்தவர், கட்டட வேலைக்கு வந்து கூலி கிடைக்காதவர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளியைச் சேர்த்துவிட்டு வெளியே துண்டு விரித்தவர் என்று பெரும்பாலோர் சில நாட்களில் கிளம்பிவிடுவார்கள். இவர்களுக்கு ஒரு பாதுகாப்பான இடமும் பஸ் காசும் போதும். மனநோய், முதுமை, குடி, கைவிடப்படுதல் இவற்றால் வருடக்கணக்கில் கிடப்பவர்களுக்கு அது போதாது.

காவிரிக்கரை ஊர்களில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஸ்ரீரங்கத்தில் நாள் முழுக்க அன்னதானம். பெரிய கோயில்கள் பலவற்றில் மதியச் சாப்பாடு உண்டு. சேதுவுக்குப் போகும் வழிநெடுக மராத்திய மன்னர்கள் சத்திரம் கட்டிய பூமி இது. ஒரத்தநாட்டில் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. வந்துபோகிறவரை நன்றாகவே கவனிப்போம். போகாமல் தங்கிவிடுகிறவரிடம்தான் நமக்குப் பொறுமை இல்லை என்பது என் எண்ணம்.

அந்தப் பொறுமையைத் தொழிலாகக் கொண்டவர்கள், தெருவில் படுப்பவர்களைத் தேடிப் போய்ப் பேசும் களப்பணியாளர்கள். முதல் சில சந்திப்புகளில் காப்பகத்துக்கு வரச் சொல்லும் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது இந்த வேலையின் பாலபாடம். கால் புண்ணுக்குக் கட்டு, ஒரு டீ, "சாப்டீங்களாம்மா?" அவ்வளவுதான். பெயரைச் சொல்லவே சிலருக்கு நாளாகும். வரமாட்டேன் என்பவரைப் பிடிவாதக்காரர் என்று எழுதி மூடுவது எளிது. காரணம் கேட்டால் நியாயமாக இருக்கும்: புருஷனையும் பெண்டாட்டியையும் வேறுவேறு விடுதியில் போடுவார்கள், மூட்டை வைக்க இடமில்லை, வாசலைப் பூட்டிவிட்டால் விடிவதற்கு முன் காந்தி மார்க்கெட்டில் லோடு இறக்கப் போக முடியாது. இதற்கெல்லாம் மேலே, பிடித்துக்கொண்டு போய் அடைத்துவிடுவார்கள் என்ற பயம். சென்னை மாகாணக் காலத்தில், 1945இல் வந்த பிச்சைத் தடுப்புச் சட்டத்தின் நிழல் அது. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய இதுபோன்ற பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு டெல்லிக்கு மட்டும்.

திருவிழா வந்தாலோ அமைச்சர் வந்தாலோ நடைபாதையைக் 'காலி செய்வது' எல்லா ஊரிலும் நடப்பதுதான். இதன் பலன் கல்லணை ஷட்டரைப் போல: கொள்ளிடத்தில் திருப்பினால் காவிரியில் தண்ணீர் குறையும், மொத்த நீர் குறையாது. அதோடு நின்றாலும் பரவாயில்லை. லாரியில் ஏற்றிய மூட்டைக்குள் ஆதார் அட்டை இருக்கும், ஆறு மாதம் விடாமல் விழுங்க வேண்டிய காசநோய் மாத்திரை இருக்கும். ஆளும் எங்கோ போய்விடுவார். களப்பணியாளர் வாரக்கணக்கில் சம்பாதித்த நம்பிக்கை ஒரே காலையில் போய், மறுபடி டீயிலிருந்து தொடங்க வேண்டும். வருடக்கணக்கில் தங்குபவர்களின் எண்ணிக்கை குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

போலீசுக்கு உருப்படியான வேலை ஒன்றைச் சட்டமே கொடுத்திருக்கிறது. மனநல பாதிப்போடு அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு இது. பெற்றோரைக் கோயில் வாசலில் விட்டுப் போகிறவருக்கோ 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறை உண்டு.

காப்பகத்துக்கும் அளவு இருக்கிறது. 2013இல் தொடங்கி 2024இல் முடிந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் இடம், தலைக்கு 50 சதுர அடி. 2011இல் 8.47 லட்சம் பேர் இருந்த திருச்சிக்கு 800 பேருக்கு மேல் இடம் வேண்டும். அதுவும் பேருந்து நிலையம், ரயிலடி, சந்தை போன்ற, அவர்கள் ஏற்கெனவே கூடும் இடங்களுக்குப் பக்கத்தில். ஊருக்கு வெளியே நல்ல கட்டடம் கட்டினால் கூலி வேலை தூரமாகிவிடும், கட்டில் காலியாகக் கிடக்கும்.

கட்டில் கிடைத்த பிறகு மிச்சம் இருப்பது காகித வேலை. முதியோர் உதவித்தொகைக்கு ஆதார், வங்கிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் முகவரி. இதில் தேர்தல் ஆணையம் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது: வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6இல் வீடற்றவர் தான் படுக்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் அங்கே போய், அவர் படுத்திருப்பதைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இருப்பிடச் சான்று எதுவும் கேட்கக் கூடாது.