சாக்குச் சொல்லும் குதிரைக்காரர்களும் சாக்குச் சொல்லத் தெரியாத குதிரையும்

தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊர்த் திருவிழாவுக்குக் குதிரை வண்டிப் பந்தயம் வைத்திருந்தார்கள். பெரிய குதிரைப் பிரிவில் ஏழு வண்டிகள். எனக்குச் சித்தப்பா முறை ஆகிற ஒருவரின் செவலைக் குதிரையும் அதில் ஓடியது. “பெங்களூர் ரேஸ் குதிரைக்குப் பொறந்தது தம்பி. போன மாசந்தான் இங்க கொண்டாந்தேன். ரத்தம் சும்மா விடாது, பாரு” என்றார். பார்த்தேன். ஆறாவதாக வந்தது.

இறங்கி வந்தவர் வரிசையாக எடுத்து விட்டார். எதிர்க்காற்று, லாடம் புதுசு, வளைவில் மணல் ஏறிக் கிடந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் அந்த ஏழு வண்டியும் ஓடியது அதே மணலில்.

இந்தக் கரைக்கு இது புதிதல்ல. தொண்டிக்கு வடக்கே இருக்கும் ஆவுடையார்கோயிலுக்குத்தான், பாண்டியன் கொடுத்த பணத்தோடு குதிரை வாங்க வந்தார் மாணிக்கவாசகர் என்பது புராணம். பணம் கோயிலுக்குப் போயிற்று. குதிரை எங்கே என்று ராஜா கேட்டதற்கு, ஆவணி மூலத்தன்று வரும் என்று பதில் போனது. வந்தது, ராத்திரியோடு நரியாகவும் மாறியது. அவருக்காவது சிவன் துணைக்கு வந்தார். ரேஸ் ட்ரெய்னர்களுக்கு அந்த வசதி கிடையாது.

சரி, ரத்தம் எவ்வளவு தூரம் பேசும்? நம்மூரில் குதிரை வாங்கச் சுழி பார்ப்பார்கள், ரேஸ் உலகத்தில் வம்சாவளி பார்ப்பார்கள். தொரோபிரெட் என்ற பந்தய இனம் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் உருவானது. தகப்பன் வழியாகவே பின்னோக்கிப் போனால் எல்லாக் குதிரையும் கிழக்கிலிருந்து போன மூன்று ஆண் குதிரைகளில் ஒன்றில் போய் முடியும். பையர்லி துருக், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன். இதில் டார்லி அரேபியன் 1704-இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து போனது. இன்றைய ஆண் தொரோபிரெட்களில் சுமார் 95 சதவீதம் அதன் வழி. அதன் கொள்ளுப் பேரனுக்கு மகன்தான் 1764-இல் பிறந்து, ஓடிய 18 பந்தயத்திலும் தோற்காத எக்லிப்ஸ்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 95 சதவீதம் சொல்வது ஒய் குரோமோசோம் ஒன்றை மட்டும். தகப்பன் வழியில் மாறாமல் வருவது அது ஒன்றுதான். மற்ற குரோமோசோம்களெல்லாம் ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கப்படுகின்றன. தகப்பனிடமிருந்து பாதி, பாட்டனிடமிருந்து சராசரியாகக் கால், ஐந்து தலைமுறைக்கு மேலே உள்ள ஒரு குதிரையிடமிருந்து 32-இல் ஒரு பங்கு. அதிலும் எந்தப் பங்கு வந்தது என்பது வம்சாவளித் தாளில் இருக்காது. ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த அண்ணன் பந்தயம் ஜெயிப்பதும் தம்பி வண்டி இழுப்பதும் அதனால்தான்.

1973-இல் அமெரிக்காவின் பெல்மான்ட் பந்தயத்தின் 2,400 மீட்டரை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி, 31 குதிரை நீளம் முன்னால் போய் ஜெயித்தது செக்ரடேரியட் என்ற குதிரை. அந்த நேரத்தை இன்னும் எந்தக் குதிரையும் அந்தப் பந்தயத்தில் முறியடிக்கவில்லை. அதன் மகன்களில் ஒருவனும் தகப்பன் அளவுக்கு வரவில்லை. மகள் வயிற்றுப் பேரன் ஏ.பி. இண்டி 1992-இல் அதே பெல்மான்டை ஜெயித்தது. தாயைப் போல பிள்ளை என்று சொல்லி வைத்தவர்கள் குதிரையும் வளர்த்திருப்பார்களோ என்னவோ.

ரத்தம் தெளிவாகப் பேசுகிற இடம் ஒன்று உண்டு. மயோஸ்டாட்டின் என்ற மரபணு தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவது. அதன் டி.என்.ஏ. வரிசையில் ஓர் எழுத்து மாற்றத்தை 2010-இல் அயர்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தாயும் தகப்பனும் தந்த இரண்டு பிரதியிலும் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் தசை திரண்டு, குறைந்த தூரப் பாய்ச்சலுக்குத் தோதான குதிரை. இரண்டிலும் ‘டி’ இருந்தால் நெடுந்தூரத்துக்கு. ஒன்று ஒன்றாக இருந்தால் நடுத்தூரம். ஆனால் எந்தத் தூரத்துக்கு ஏற்றது என்பதைத்தான் இது சொல்லும். ஜெயிக்குமா என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்ல ஓரளவு முயல்வது ஃபார்ம், அதாவது சமீபத்தில் அது எப்படி ஓடியது என்ற கணக்கு. எத்தனையாவதாக வந்தது என்பது அதில் பாதிதான். யாரோடு ஓடியது, எவ்வளவு எடை சுமந்தது, எவ்வளவு தூரம் என்பதெல்லாம் மீதி. ஒரு மைல் பந்தயத்தில் ஒரு கிலோ கூடினால் ஏறக்குறைய ஒரு குதிரை நீளம் பின்தங்கும் என்பது ரேஸ்காரர்களின் பழைய கணக்கு. இப்படிப் பார்த்துக் கணிக்க முடிவதால்தான், தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றை எதிர்த்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமையின் ஆட்டம் என்று தீர்ப்பளித்தது.

ஒரு நாள் ஓட்டம் என்பது குதிரையின் நிஜமான தரமும் அன்றைய அதிர்ஷ்டமும் சேர்ந்தது. எல்லாம் கூடி வந்து ஒரு நாள் பிரமாதமாக ஓடினால், அடுத்த முறை அதிர்ஷ்டம் விலகி, தரம் மட்டும் மிஞ்சும். குதிரைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ‘என் குதிரையின் தரம் இவ்வளவுதான்’ என்று எந்த ட்ரெய்னரும் முதலாளியிடம் சொல்ல மாட்டார். அந்த இடைவெளியை நிரப்பத்தான் மணலும் காற்றும். பந்தயத்துக்கு முன்னால் சொன்னால் அது தகவல், பின்னால் சொன்னால் கதை என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம்.

அதற்காக எல்லாச் சாக்கும் பொய்யல்ல. சோதித்துப் பார்க்கக்கூடிய சாக்குகள் உண்டு. முழுப் பாய்ச்சலில் குதிரையின் நுரையீரல் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி ரத்தம் கசியும். மூக்கில் வடிவது அபூர்வம், ஆனால் ஓடி முடித்ததும் மூச்சுக்குழலுக்குள் கேமரா விட்டால் பாதிக்கும் மேற்பட்ட குதிரைகளில் தடயம் தெரியும். “ரத்தம் கசிந்தது” என்று ஒரு ட்ரெய்னர் சொன்னால் பார்த்துவிடலாம். “மனசு சரியில்லை” என்றால் எதை வைத்துப் பார்ப்பது?

நம் கரைக்கு இன்னொன்று முக்கியம். ஓடும் குதிரை செலவழிக்கும் சக்தியில் கால்வாசிக்குள்தான் ஓட்டமாகிறது. மிச்சமெல்லாம் சூடு. அதை வியர்வைதான் இறக்க வேண்டும். குதிரை வியர்வையில் லாத்தரின் என்ற புரதம் இருப்பதால்தான் வார்ப்பட்டை உரசும் இடத்தில் சோப்பு மாதிரி வெள்ளை நுரை கட்டுகிறது. புழுக்கம் மிகுந்த ஊருக்கு வரும் சில குதிரைகளுக்கு, ஓயாமல் தூண்டப்பட்டு வியர்வைச் சுரப்பிகளே மரத்துப்போய்விடும். வியர்வை நின்றுவிடும், மூச்சு மட்டும் வாங்கும்.

சித்தப்பா லாடத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் செவலை புளியமரத்தடியில் நின்றது. பக்கத்தில் நின்ற வண்டிக் குதிரைகள் நுரை வழிய நனைந்திருந்தன. இதன் நாசி விரிந்து விரிந்து மூடியது, விலா துருத்தி போல் அடித்தது. கழுத்தில் கை வைத்தேன். அடுப்பு மாதிரி சூடு, சொட்டு ஈரமில்லை.

“சித்தப்பா, இதுக்கு வேர்க்கவே இல்லையே?”

“அதான் சொல்றேன்ல, நல்ல ரத்தம். களைக்கலை பாரு.”

குடத்தை எடுத்துக்கொண்டு அடிகுழாய்க்கு ஓடினேன்.