நொதி மருந்து ஆரம்பித்ததும் குழந்தையின் போக்கு ஏன் மாறுகிறது?

செரிமான நொதி மருந்து கொடுக்க ஆரம்பித்த சில நாட்களிலேயே குழந்தை வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று சொல்லும் பெற்றோர் நிறையப் பேர். தொட்டதற்கெல்லாம் அழுகை, இரவு முழுக்கப் புரளல், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவது, சில குழந்தைகள் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வதும் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் இதை அதிகம் கேட்கலாம். அவர்களுக்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது, மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், நிறுத்திவிடாதீர்கள்."

இந்தப் பதில் ஆபத்தானது. பெற்றோர் கண்ணால் பார்த்த மாற்றத்தை நான் சந்தேகிக்கவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தைத்தான் சந்தேகிக்கிறேன்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாம் பெரிய மூலக்கூறுகள். குடல் சுவர் அவற்றை அப்படியே உறிஞ்சாது. அவற்றைத் துண்டு துண்டாக வெட்டுவதுதான் நொதிகளின், அதாவது என்சைம்களின் வேலை. மாவுச்சத்தை அமிலேஸ் வெட்டும், கொழுப்பை லிப்பேஸ், புரதத்தைப் புரோட்டியேஸ். ஆட்டுக்கறி சீக்கிரம் வேக நம் வீடுகளில் பப்பாளிக்காயை அரைத்துப் போடுகிறோமே, அங்கே கறியின் புரதத்தை வெட்டுவது பப்பைன் என்ற நொதி. செரிமான மாத்திரைகள் பலவற்றிலும் இருப்பது இதே பப்பைன்தான். மற்றவை அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமெலைன், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையை வளர்த்து எடுக்கும் நொதிகள், பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கும் நொதிக் கலவை.

நொதியும் ஒரு புரதம் என்பதால் இரைப்பையின் அமிலத்தில் அதுவே சிதைந்துபோகலாம். அதனால் கணைய நொதிகளைச் சின்னச் சின்ன மணிகளாக உருட்டி மேலே ஒரு பூச்சு போடுகிறார்கள். பிஎச் (அமிலம் குறையக் குறைய ஏறும் அளவு) சுமார் 5.5-ஐத் தாண்டும் இடத்தில், அதாவது சிறுகுடலுக்குப் போன பிறகு, பூச்சு கரைந்து நொதி வெளியே வரும். பூஞ்சையிலிருந்து வரும் நொதிகளில் பல அமிலத்திலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

இந்தப் பூச்சு விஷயத்திலேயே ஒரு நடத்தைப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. சின்னக் குழந்தைக்கு காப்ஸ்யூலைப் பிரித்து மணிகளை உணவில் தூவித்தான் கொடுக்க முடியும். ஆப்பிள் கூழ் போலப் புளிப்பான உணவில் தூவினால் பூச்சு அப்படியே இருக்கும். பாலில் போட்டாலோ, மெல்லவிட்டாலோ, குழந்தை வாயிலேயே அடக்கிவைத்திருந்தாலோ பூச்சு போய்விடும். அப்புறம் நொதி தன் வேலையை வாயிலேயே ஆரம்பித்துவிடும். ஈறும் நாக்கின் அடியும் புண்ணாகும். பேசத் தெரிந்த குழந்தை "வாய் எரியுது" என்று சொல்லிவிடும். பேச்சு வராத குழந்தை தட்டைத் தள்ளும், எச்சில் ஒழுக அழும், பல் தேய்க்க விடாது. பார்ப்பவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரியும். டார்ச் அடித்து வாய்க்குள் ஒரு முறை பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வயிற்றுக்குள் நடப்பதும் இப்படித்தான். புரதம் வெட்டும் நொதியை வெறும் வயிற்றில் கொடுத்தால் சில குழந்தைகளுக்கு வயிறு வலிக்கும், குமட்டும். கணைய நொதியால் சிலருக்கு மலச்சிக்கல் வரும், சிலருக்கு ஆசனவாயைச் சுற்றி எரிச்சல் இருக்கும். பூஞ்சை நொதிக்கும் பப்பைனுக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். கணைய நொதிப் பொடியைப் பிரித்துக் கொடுத்துக் கொடுத்து, அதன் தூசியால் பெற்றோருக்கே மூச்சிழுப்பு வந்ததாகவும் மருத்துவப் பதிவுகள் உள்ளன. ஆட்டிசம் உள்ளவர்களின் வயிற்றுக் கோளாறுகள் பற்றி 2010-இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: நடத்தை திடீரென மாறினால் உள்ளே வலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வயிற்றை மேசை விளிம்பில் அழுத்திக்கொள்வது, முகம் சுளிப்பது, தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பது, கண்டதையும் கடிப்பது, தூக்கம் கெடுவது எல்லாமே வலியின் அடையாளமாக இருக்கலாம்.

மருந்தின் விவரக்குறிப்பிலேயே பக்கவிளைவாக எழுதப்பட்டவையும் உண்டு. கரும்புச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பிறவியிலேயே போதிய அளவு இல்லாத குழந்தைகளுக்கு, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாக்ரோசிடேஸ் என்ற நொதியைக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்ற மருந்து அது. ஆய்வில் கலந்துகொண்டவர்களிடம் காணப்பட்டவை என்று அதன் விவரக்குறிப்பு தரும் பட்டியலில் வயிற்றுவலி, வாந்தியோடு தூக்கமின்மையும் பதற்றமும் இருக்கின்றன. ஆய்வுகளில் இருந்தவர்கள் சிலரே என்பதால் இவற்றை நொதிதான் உண்டாக்கியது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் பதற்றத்தைப் பெற்றோரின் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

சரி, அந்த "நச்சு வெளியேறும்" கதை எங்கிருந்து வந்தது? 1979-இல் யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். மார்பின் என்ற போதை தரும் வலிநிவாரணி கொடுக்கப்பட்ட விலங்குகள் துணையைத் தேடாமல், வலியைப் பொருட்படுத்தாமல் இருப்பதற்கும் ஆட்டிசத்தின் சில கூறுகளுக்கும் ஒற்றுமை இருக்கிறது என்பது அவர் ஊகம். ஏறக்குறைய அதே காலத்தில், பாலின் கேசீன் புரதம் அரைகுறையாகச் செரிக்கும்போது கேசோமார்பின் என்ற துண்டுகள் உண்டாவதும் அவை மார்பினைப் போல ஓரளவு செயல்படுவதும் தெரியவந்தன. கோதுமையின் குளூட்டனிலிருந்தும் இப்படித் துண்டுகள் வரும். இரண்டையும் சேர்த்து ஒரு கோட்பாடு கட்டப்பட்டது: ஆட்டிசக் குழந்தைகளின் குடல் இந்தத் துண்டுகளை ரத்தத்துக்குள் கசியவிடுகிறது, அவை மூளையைப் போதையில் ஆழ்த்துகின்றன. நொதி கொடுத்தால் துண்டுகள் அழியும், போதை விலகும், விலகும்போது அடிமைப்பட்டவர் போதையை நிறுத்தினால் படும் பாட்டைக் குழந்தையும் படும்.

கேட்க அழகாகப் பொருந்தும் கோட்பாடு. ஆனால் குழந்தைகளின் ரத்தத்தில் போதை தரும் அளவுக்கு அந்தத் துண்டுகள் சுற்றினால் சிறுநீரிலும் தென்பட வேண்டும். 2008-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், ஆட்டிசம் உள்ள 65 சிறுவர்களின் சிறுநீரை மற்ற 158 பேரின் சிறுநீரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மார்பினைப் போலச் செயல்படும் (ஓபியாய்டு) துண்டு எதுவும் கிடைக்கவில்லை. போதையே இல்லாத இடத்தில் போதை விலகும் வேதனை எங்கிருந்து வரும்? குழந்தை அழுகிறது என்றால் வேறு காரணம் இருக்கிறது. அதைத் தேடாமல் "இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்" என்பது, வலியில் இருக்கும் குழந்தையை அந்த வலியிலேயே விட்டுவைப்பது.

நொதியால் ஆட்டிசக் குழந்தைகளின் நடத்தை மேம்படுகிறதா என்பதிலும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆஸ்திரேலியாவில் 43 குழந்தைகளுக்கு 3 மாதம் நொதியும் 3 மாதம் நொதியே இல்லாத போலி மருந்தும், எது எப்போது என்று யாருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவு: சாப்பிடும் உணவு வகைகள் கொஞ்சம் கூடின, நடத்தையில் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் இல்லை. 2015-இல் எகிப்திலிருந்து 101 குழந்தைகளை வைத்து வந்த ஆய்வோ முன்னேற்றம் தெரிந்தது என்றது. இவ்வளவு சின்ன ஆய்வுகளை நம்பிப் பல மாதச் செலவில் இறங்கும்படி ஒரு குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

நம் எதிர்பார்ப்பும் இங்கே பெரிய வேலை செய்கிறது. 1994-இல் ஓர் ஆய்வில், சர்க்கரை சாப்பிட்டால் தங்கள் மகன் துள்ளுவான் என்று நம்பிய தாய்மார்களை அழைத்தார்கள். சிறுவர்கள் எல்லோருக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். பாதித் தாய்மார்களிடம் மட்டும் "அதிக சர்க்கரை கொடுத்தோம்" என்று சொன்னார்கள். அவர்கள் தங்கள் பிள்ளை அதிகமாகத் துறுதுறுவென்று இருந்ததாக மதிப்பெண் போட்டார்கள். அதோடு, மகனை நெருங்கியே நின்றார்கள், அதிகமாகக் குறை சொன்னார்கள். பயம் பார்வையை மட்டும் மாற்றவில்லை, தாய் பிள்ளையிடம் நடந்துகொள்வதையே மாற்றியது. புது மருந்து கொடுத்த வாரத்தில் எந்த வீட்டிலும் எல்லோர் கண்ணும் அந்தக் குழந்தை மேல்தான் இருக்கும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில், ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும். நொதியையும் வைட்டமினையும் பால் இல்லாத உணவையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் எது என்ன செய்தது என்று கடைசிவரை தெரியாது. தூக்கம், மலம் போன நேரம், சாப்பிட்ட அளவு, அழுகை ஆகியவற்றை மருந்துக்கு முந்தைய ஒரு வாரமும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும். வகுப்பு ஆசிரியரிடமோ தெரபிஸ்டிடமோ மருந்து பற்றிச் சொல்லாமல், அவர் கண்ணுக்குப் படுவதை மட்டும் குறிக்கச் சொல்லலாம். அவர் குறிப்பிலும் அதே மாற்றம் இருந்தால் அது நம் பயத்தின் வேலை அல்ல. அப்போது வாய்ப்புண், மலச்சிக்கல், தடிப்பு, வயிற்று உப்புசம் எல்லாவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும். மூச்சிழுப்போ முகவீக்கமோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் போன்ற நோயால் கணையம் வேலை செய்யாத குழந்தைகளின் கதை வேறு. நொதி இல்லாவிட்டால் அவர்கள் சாப்பிடும் கொழுப்பு அப்படியே மலத்தில் போய்விடும், எடை ஏறாது. அவர்களுக்கு வீட்டில் தாமாக மருந்தை நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. மிக அதிக அளவு நொதி எடுத்த குழந்தைகளின் பெருங்குடல் தடித்துச் சுருங்கியதை 1994-இல் லிவர்பூல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு வேளை உணவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2,500 லிப்பேஸ் யூனிட், ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10,000 யூனிட் என்ற உச்ச வரம்பு வந்தது.